வீட்டை விட்ட நாளும் நாட்டை விட்ட நாளும்

ஜனவரி 19

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல, நம்ம கடையில வாடகைக்கு இருக்கிற மருந்துக்கடைக்காரம்மா எழுதுறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேற குறை இல்லே. அக்கா நல்லா இருக்கா. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சௌக்கியமா இருக்கணும்.

போன்ல நீ கத்தினது எனக்குக் கேக்கலே. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. நீ எந்த வருஷம் போனேன்னு கேக்கறதா அவங்கதான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்குச் சொன்னாங்க. இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துலயே கேளு.

பழைய பாலத்தோட நடுத்தூண்ல மணல் லாரி மோதி, ஊரே படகுல போய் வந்துதே, அந்த வருஷம்தான் நீ புறப்பட்டே. நூல் மில்லுக்காரன் சங்கு ஊதுறதை நிறுத்தினதும் அப்பதான். சங்குச் சத்தம் இல்லாம பாதிப் பேர் நேரம் தப்பிப் போய் மேஸ்திரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. தபாலாபீசுக்கு எதிர்ல நின்ன மரம் சாஞ்சு கம்பியெல்லாம் அறுந்ததும், உங்கம்மா போனதும் அதே வருஷம். என்கிட்ட வருஷத்துக்கு நம்பர் கிடையாது, இதெல்லாம்தான் நம்பர். அந்தம்மா கணக்குப் போட்டு ஓரத்துல எழுதியிருக்காங்க, பாத்துக்கோ. நீ வீட்டை விட்டுக் கிளம்பினது செப்டம்பர், மழைக்கு முன்னாடி.

வருமான வரி ஆபீஸ் தபாலைப் பிரிச்சுப் படிச்சோம். அதுல ரெண்டு கேள்வி. உன் பேர்ல இருக்கிற கடைக்கு இத்தனை வருஷம் வாடகை வாங்கினியே, கணக்கு எங்கேன்னு ஒண்ணு. முதல் வருஷம் உன் பேங்க் கணக்குக்குப் பெரிய தொகை வந்திருக்கு, அந்த வருஷம் நீ நாட்டுக்குள்ள இருந்தியா வெளியே இருந்தியான்னு இன்னொண்ணு. பேங்குல நீ இங்கேயே இருக்கிறதா எழுதியிருக்காம். அது என் வாயால வந்தது. பையன் வெளிநாட்டுலன்னு சொன்னா குழாய் ரிப்பேர் பண்றவன்கூட ரெண்டு மடங்கு கேக்கறான். அதனால யார் கேட்டாலும், பையன் இங்கதான், வேலையா பக்கத்து டவுனுக்குப் போயிருக்கான்னு சொல்லிப் பழகிட்டேன். விலாசம் விசாரிக்க பேங்க்காரர் வந்தப்பவும் அதே பதில்தான் சொன்னேன்.

உயரத்துல வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கோ.

அப்பா


பிப்ரவரி 8

அப்பாவுக்கு வணக்கம். இங்கே மூணு பேரும் நலம். முழங்காலுக்கு மருந்துக்கடைக்காரம்மாகிட்ட தைலம் வாங்கித் தடவுங்க. காசு வாடகையில கழிச்சுக்கச் சொல்லுங்க.

ஒரு ஆபீஸ் கட்டடத்து உச்சியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல உக்காந்து இதை எழுதறேன். உள்ளே சூடு, வெளியே காத்து. கயிறு மாத்தற வேலை, எனக்குக் கீழே ரெண்டு பேர் இருக்காங்க.

நம்ம ஆடிட்டர்கிட்ட பேசினேன். வாடகை விஷயத்துல தப்பு என்மேலதான். நான் எங்கே இருந்தாலும், வாடகை அங்கே விளையுது, அதனால வரியும் அங்கேதான். சம்பாதிக்கிறது வெளியில, நமக்கென்ன வரின்னு நினைச்சு இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டேன். அதை வட்டியோட கட்டிடறேன். பேங்க் கணக்கையும் வெளிநாட்டுல இருக்கிறவனுக்கான கணக்கா மாத்தணும். அதுக்கான பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்.

முதல் வருஷம்தான் சிக்கல். அங்கே வரி வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது. நான் செப்டம்பர்ல நாட்டை விட்டிருந்தா பாதி வருஷத்துக்கு மேல வெளியே இருந்த கணக்கு. அப்ப என் இந்த ஊர்ச் சம்பளத்தை அவங்க தொட முடியாது. அக்டோபர்னா பாதிக்கு மேல உள்ளே இருந்த கணக்கு, அந்த வருஷச் சம்பளத்துக்கும் கம்பெனி குடுத்த முன்பணத்துக்கும் வரி, வட்டி, அபராதம் எல்லாம் விழும். முத்திரை குத்தின பழைய பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் மாறினப்ப தொலைஞ்சுபோச்சு. அதனால நான் செப்டம்பர்ல வெளிநாடு போனதா நீங்க ஒரு வாக்குமூலம் குடுத்தா போதும்னு ஆடிட்டர் சொல்றார். பேப்பர் அவர்கிட்ட ரெடியா இருக்கு. ரேகை வெச்சா முடிஞ்சது.

அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்கள் மகன்


மார்ச் 1

அன்பு மகனுக்கு அப்பா. எல்லாரும் சுகம். தைலம் வாங்கினேன். பலன் இல்லே, வாசனை இருக்கு.

ஆடிட்டரைப் பாக்கப் போனேன். மாடிப்படி செங்குத்து. அங்கே வர்றவங்கள்ல பாதிப் பேர் என் வயசு, எல்லாருக்கும் முழங்கால், அவர் மட்டும் மாடியில உக்காந்திருக்கார். நாற்காலி மேலயும் கோப்பு. ஒரு கட்டைத் தூக்கிக் கீழே வெச்சு என்னை உக்கார வெச்சார். மரியாதையாத்தான் பேசினார். வாக்குமூலத்தை ரெண்டு தரம் படிச்சுக் காட்டினார். மையும் எடுத்து வெச்சார்.

காய் நறுக்கும்போது கட்டை விரல்ல கத்தி பட்டுக் கட்டுப் போட்டிருந்தேன். ஆறினதும் வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நீ எந்தத் தேதியில பிளேன் ஏறினேன்னு எழுது. கேட்டு வெச்சுக்கலாம்னுதான்.

தம்பி, நடுவுல இது நான், மருந்துக்கடை அக்கா எழுதறேன். கடை முதலாளி வெளிநாட்டுல இருந்தா, குடியிருக்கிறவங்களே வாடகையில வரியைப் பிடிச்சு சர்க்காருக்குக் கட்டிட்டு மிச்சத்தைத்தான் குடுக்கணுமாம். ஆடிட்டர் இப்பத்தான் சொல்றார். இத்தனை வருஷம் முழுசாக் குடுத்த எனக்கும் நோட்டீஸ் வரலாமாம். உங்க அப்பா என்கிட்டயும் நீங்க பக்கத்து டவுன்லன்னுதான் சொன்னார். நாலு வருஷம் கழிச்சு நீங்க அனுப்பின சாக்லேட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. நியாயம்தான். உடம்பைப் பாத்துக்கோ.

அப்பா


மார்ச் 22

அப்பாவுக்கு. நலம். விரல் ஆறியிருக்கும்னு நம்பறேன். ஆறலேன்னா இன்னொரு கையில கட்டை விரல் இருக்கு.

தேதி இப்ப எப்படிப்பா ஞாபகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வந்தீங்க, அம்மா வந்தாங்க, அக்கா, சித்தப்பா எல்லாரும் வந்தாங்க. பொட்டியை பஸ் மேல ஏத்தினது சித்தப்பாதான். அது செப்டம்பர்னு ஊருக்கே தெரியும். இதுல பொய் என்ன இருக்கு?

உங்களுக்கு நிலைமை புரியணும்னு சொல்றேன். ரெண்டு ரூம் வீட்டுல இருக்கோம். பேத்தி சமையல் மேடையில நோட்டை வெச்சுப் படிக்கிறா. இன்னும் ஒரு ரூம் இருக்கிற வீடு பாத்து வெச்சிருக்கோம். அதுக்குச் சேத்ததுதான் கையில இருக்கு. அக்டோபர்னு ஆயிட்டா அதை அப்படியே தூக்கி அங்கே குடுக்கணும். அந்த ரூம் போயிடும். அவ்வளவுதான் விஷயம்.

அக்காவுக்கு மூணு லெட்டர் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லே. கடை என் பேர்ல இருக்குன்னு வருத்தமா? வாடகையில பங்கு வேணும்னா வாய்விட்டுக் கேக்கலாமே.

உங்கள் மகன்


ஏப்ரல் 12

அன்பு மகனுக்கு அப்பா. நான் சுகம், அக்கா சுகம். மருமகளை விசாரிச்சதாச் சொல்லு. பேத்திக்கு முன்பல் விழுந்துதுன்னு போட்டோ வந்தது. சிரிச்சா உன் சின்ன வயசு மூஞ்சிதான்.

பேங்க் கணக்கை மாத்தியாச்சு. ஜன்னல்ல இருந்த பொண்ணு, ஏன் தாத்தா முன்னாடியே சொல்லலேன்னு கேட்டுது. என் பையன் இங்கதான்னு சொல்லி வாய் பழகிடுச்சும்மான்னேன். எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கார்னு அது சிரிச்சுது. வேற ஊர்ப் பொண்ணு போலிருக்கு. மருந்துக்கடை விஷயத்தையும் ஆடிட்டர் சரி பண்றார். அந்தம்மாவுக்கு விழுந்த அபராதத்தை நீ குடுத்துடு. அவங்க கேக்க மாட்டாங்க. எழுதும்போதே பேனா நிக்குது.

விரல் ஆறிடுச்சு. ஆடிட்டர் மாடிக்கும் மறுபடி போனேன். மையில விரலை வெச்சுட்டு எடுத்துட்டேன். அந்தப் பேப்பரை மூணாவது தரமாப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மகன் செப்டம்பர் மாதம் இந்நாட்டை விட்டு வெளிநாடு சென்றான், இது எனக்கு நேரில் தெரியும்னு இருக்கு. நீ வீட்டை விட்ட நாள் எனக்குத் தெரியும். பேப்பர்ல கேக்கறது நாட்டை விட்ட நாள். அது நான் பாக்கலே.

வாடகை விஷயத்தை அக்காகிட்ட கேட்டேன். அவளுக்கு எதுவும் வேண்டாமாம்.

அப்பா


ஏப்ரல் 28

அப்பாவுக்கு. நலம்.

ஆடிட்டர் கெடு வாங்கியிருக்கார், செப்டம்பர் வரை. அதுக்கு மேல முடியாதாம். என்னை அனுப்பின ஏஜெண்டும் உயிரோட இல்லே. வேற யார்கிட்டயும் நான் போய் நிக்க முடியாது. பெத்த பிள்ளை சொல்றதுமேல நம்பிக்கை இல்லேன்னா அதை நேரா எழுதிடுங்க.

மகன்


ஜூன் 4

திருவளர் செல்வனாகிய தங்களுக்குத் தகப்பனார் எழுதிக்கொடுத்த கடிதம் என்னவென்றால், மேற்படி தகப்பனார் இன்றைய தேதியில் பூரண சுகத்துடனும் சுய நினைவுடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும்

நிறுத்தச் சொல்லிட்டேன். இது ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ல பத்திரம் எழுதறவர். விட்டா நாலு எல்லையும் எழுதிடுவார். நான் சொல்றதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கேன். மருந்துக்கடைக்காரம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்னு இவரைத் தேடி வந்தேன். இவருக்கு நம்மைத் தெரியாது.

உன்மேல நம்பிக்கை இல்லேன்னு நான் சொல்லலே. எனக்கு ஞாபகம் இருக்கு, அதுதான் தொல்லை.

உங்கம்மா போனது அக்டோபர். மழை பிடிச்சு, படகு நின்னு, சுத்து வழியில ஜனம் வந்துது. விடியக்காலையில பாத்தப்ப மூச்சு இல்லே. சொந்தக்காரங்களுக்குச் சொல்ல போன் கடைக்குப் போய் கண்ணாடிக் கூண்டுல நெருக்கி நின்னோம், நாலு பேர். அந்த நேரம் கடைக்கு உன் போன் வந்தது. நீ போய்ச் சேந்துட்டேன்னும் வேலை நல்லா இருக்குன்னும் அதுக்கு முன்னாடியே ரெண்டு தரம் பேசியிருந்தே, அது மாதிரி பேசத்தான் கூப்பிட்டிருக்கே. நான் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் போன் பெட்டியில வந்த நம்பரைப் பாத்துட்டு என் தோளைத் தொட்டார். இது வெளிநாட்டு நம்பர் மாதிரி இல்லையேன்னார்.

நான் உன்கிட்ட கேட்டேன், அங்கே இப்ப மணி என்னன்னு. ஞாபகம் இருக்கா? நீ உடனே சொன்னே, பத்தரைன்னு. கடைச் சுவர்க் கடியாரத்துலயும் பத்தரை. நம்ம மணிக்கும் அந்த ஊர் மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு புறப்படும்போது நீயே உங்கம்மாவுக்கு விரல் விட்டுச் சொல்லிக் குடுத்தே. உன் பக்கத்துல ஒரு கண்டக்டர் விசில் ஊதினான். எந்த ஊர் பஸ்சுனு கூவினதும் கேட்டுது. அப்ப எனக்குக் காது நல்லா இருந்துது.

வர வேண்டாம்னு நான் சொன்னேன். டிக்கெட் செலவு, புது வேலை, லீவு குடுக்க மாட்டாங்க, அங்கேயே இருந்து கும்பிட்டுக்கோன்னேன். நீ சரிப்பான்னே.

நீ பேசின அந்த பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் ஏறியிருந்தா சாயங்காலத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம். நாங்க சாயங்காலம் வரை எடுக்கலே. ஏன் தாமதம்னு எல்லாரும் என்னைக் கேட்டாங்க. மழை விடட்டும்னேன். மழை மத்தியானமே விட்டுடுச்சு.

இத்தனை வருஷம் நான் உன்னைக் கேக்கலே. கேக்க வேண்டிய அவசியம் வரலே. இப்ப சர்க்கார் கேக்குது. கையெழுத்துப் போடறவன், இது என் கையெழுத்தே இல்லேன்னு நாளைக்குச் சொல்லலாம். ரேகை வெக்கிறவனால அது முடியாது. அக்டோபர்னு எழுதினா இன்னைக்கே வெக்கிறேன். பேத்தியோட ரூம் எனக்கும் கவலைதான்.

பத்திரக்காரர் எழுதறதை நிறுத்திட்டு மூக்கைச் சிந்தறார். வெயில்ல உக்காந்து சளியாம்.

உடம்பைப் பாத்துக்கோ.

அப்பா


ஆகஸ்ட் 11

அப்பாவுக்கு வணக்கம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிடுச்சு. எழுதி எழுதிக் கிழிச்சேன். இதையும் கிழிக்கிறதுக்கு முன்னாடி அனுப்பிடறேன்.

ஏஜெண்ட் குடுத்த டிக்கெட் போலி. ஏர்போர்ட் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் வந்து வழியனுப்பினீங்க, அடுத்த நாளே எப்படித் திரும்பறது? அந்த ஊர்லயே ஒரு லாட்ஜ்ல தங்கி, கீழே ஓட்டல்ல தட்டு கழுவிக்கிட்டு ஏஜெண்ட் வீட்டு வாசல்ல தினமும் நின்னேன். வேற வழியில டிக்கெட் வாங்கிக் குடுத்து அக்டோபர் கடைசியிலதான் ஏத்திவிட்டான். நடுவுல உங்களுக்கு போன் பண்ணினதெல்லாம் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருந்துதான்.

அன்னிக்கு நான் பஸ் ஏறினேன்பா. டிக்கெட்டும் எடுத்தேன். பாதி வழியில ஒரு டீக்கடையில வண்டி நின்னுது. அங்கே இறங்கினேன். வெளிநாட்டுல இருந்து காலையில பேசினவன் மத்தியானம் வந்து நின்னா உங்களை எல்லாரும் என்ன கேப்பாங்கன்னு யோசிச்சேன். திரும்பிப் போற பஸ் வந்தது, அதுல ஏறிட்டேன். நீங்க காத்திருந்தீங்கன்னு உங்க லெட்டரைப் படிச்சுத்தான் தெரியும்.

அக்டோபர்னே எழுதச் சொல்லுங்க. ஆடிட்டர்கிட்டயும் நான் சொல்லிட்டேன். வீடு இப்போதைக்கு இல்லே. மருமகளுக்கும் எல்லாத்தையும் சொன்னேன். சமையல் மேடையை ஒட்டி ஒரு பலகை அடிச்சுக் குடுத்திருக்கேன், பேத்தி அதுல படிக்கிறா.

கூண்டுல நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. யார் யார்ப்பா?

உங்கள் மகன்


ஆகஸ்ட் 30

அன்பு மகனுக்கு, அப்பா சொல்ல மருந்துக்கடைக்காரம்மா எழுதறது. இனிமே இவங்களுக்குத் தெரியறதுல ஒண்ணும் இல்லேன்னு நானே சொல்லிட்டேன். முழங்கால் அப்படியேதான். நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும்.

நேத்து ஆடிட்டர் மாடி ஏறினேன். பேப்பரை அக்டோபர்னு மாத்தி அடிச்சு வெச்சிருந்தார். நீயா முன்வந்து ஒத்துக்கிட்டா அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாமாம், வரியும் வட்டியும் தப்பாது. தவணையாக் கட்டலாமான்னு கேட்டதுக்கு மனு போட்டுப் பாக்கலாம்னார். கடை வாடகையை முழுசா இதுக்கே ஒதுக்கிடு. எனக்கு மாசாமாசம் அனுப்பறதைக் கொஞ்ச நாள் நிறுத்து. எனக்கு என்ன செலவு, தைலத்தை விட்டுட்டாப் போதும். அந்தம்மா முறைக்கிறாங்க.

ரேகை வெச்சிட்டேன். ஆனா வேலை முடியலே. எழுத்து தெரியாதவன் ரேகை வெச்சா, விஷயம் நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் அதைப் படிச்சுக் காட்டி பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு ஆடிட்டர் சொல்றார். அந்த இடம் காலியா இருக்கு. செப்டம்பர் முடியறதுக்குள்ள போட்டாகணும்.

நீ கேட்டியே, கூண்டுல யார் யார்னு. போன் கடைக்காரர் அன்னிக்கு நம்மகிட்ட காசு வாங்கலே. யார்கிட்டயும் இதைப் பத்தி மூச்சும் விடலே. கடையை மூடினப்புறம் ரெண்டு வருஷம் படுத்திருந்து போயிட்டார். உன் சித்தப்பா கூண்டுல எனக்குப் பின்னாடி நின்னார். அவர்தான் சாயங்காலம் வரை வர்றவங்களுக்கெல்லாம் மழை, மழைன்னு பதில் சொன்னார். அவர் போனது உனக்குத் தெரியும், பணம் அனுப்பினே. மூணாவது ஆள் நான்.

நாலாவது ஆள் போன்ல என் காதோட காது வெச்சுக் கேட்டுக்கிட்டு நின்னது. நீ பத்தரைன்னதும் கடியாரத்தைப் பாத்துது, என்னைப் பாத்துது. அன்னிக்கு முழுக்க வாசல்ல போய் ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்துது. பேப்பரை எடுத்துக்கிட்டு இன்னைக்குக் காலையில நான் அங்கே போனேன். கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சுட்டு, மடிச்சு என் கையிலயே குடுத்து, "நீங்க கேட்டா போட மாட்டேன்பா. அவன் கேக்கட்டும்"னுது. லெட்டர்ல கேட்டாப் போதுமான்னேன். உள்ளே போய் எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்துது.

லீவு கேட்டுப் பாரு. கிடைச்சா செப்டம்பர் முடியறதுக்குள்ள வந்துடு. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர மாட்டோம், நீயே வீட்டுக்கு வந்துடலாம். அன்னிக்கு அந்தக் கூண்டுல நின்னவங்கள்ல என்னை விட்டா இப்ப உயிரோட இருக்கிறது உன் அக்கா.